போர் மோட்டாரும் பெரிய கம்பெனியும்

கேள்வி: போர்வெல் மோட்டாரை செல்போனிலேயே போட்டு நிறுத்தும் கருவியை நண்பர்கள் சேர்ந்து செய்கிறோம். பெரிய கம்பெனிகளும் இதை விற்கின்றன. தாக்குப்பிடிப்போமா?
– இளம் பொறியாளர், பென்னாகரம்

பதில்: தாராளமாக! உங்களுக்குப் பக்கத்திலேயே ஓசூரில் ஏத்தர் ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய கம்பெனி அது. பேட்டரி மட்டும் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அதைப் பொருத்துவதற்கு உருப்படியான மின்ஸ்கூட்டர் இல்லை. அதனால் முழு வண்டியையும் தாங்களே செய்யத் துணிந்தார்கள். விற்பனைக்கு வர 2018 ஆனது. அதுவும் முதலில் பெங்களூரில்தான், அடுத்த ஆண்டு சென்னை. நாடு முழுக்கக் கடை விரிக்காமல், விற்கும் ஊரிலேயே சார்ஜ் ஏற்றும் இடங்களையும் அமைத்தார்களே, அங்கேதான் ஜெயித்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் எதிரிகளும் அல்ல: 2016-லேயே ஹீரோ மோட்டோகார்ப் ஏத்தரில் பணம் போட்டது.

நீங்கள் விலையில் மட்டும் மோதாதீர்கள். லட்சக்கணக்கில் உதிரிபாகம் வாங்குபவருக்குக் கிடைக்கும் விலை உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்க வேண்டும்: வோல்டேஜ் இறங்கினாலும், ஒரு ஃபேஸ் போனாலும், கிணறு வற்றினாலும் உங்கள் ஊர் விவசாயியின் மோட்டார் காயில் கருகக் கூடாது. சிக்னல் எட்டாத தோட்டத்தில் கையாலும் இயக்க முடிய வேண்டும். பழுது என்றால் அன்றைக்கே ஆள் வந்து நிற்க வேண்டும். தலைமை அலுவலகம் தொலைதூரத்தில் உள்ளவருக்கு இது லேசில் முடியாது. முதல் பத்துக் கருவிகளை ஒரு கோடை முழுக்கத் தோட்டங்களில் ஓடவிடுங்கள். அதன் பிறகு விலை சொல்லுங்கள்.