ஹப் விசாரம்

அம்பத்தூரில் ஹப் என்ற சொல் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கியதல்ல. டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை இவ்வூரில் காலூன்றிய காலந்தொட்டு, கடை வாசலில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கும் பையன்கூட அறிந்த சொல் அது. அவனுடைய பாட்டன் காலத்துத் தச்சர்கள் மாட்டுவண்டிச் சக்கரத்தில் அதையே குடம் என்றார்கள். ஆரக்கால்கள் எத்தனையானாலும் வந்து ஊன்றுவது ஒரே குடத்தில்தான். ஆகவே, மடிக்கணினியில் இருப்பதோ இரண்டே துவாரம், சொருகக் காத்திருப்பவையோ மௌஸ், கீபோர்டு, பிரிண்டர், பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் என்று ஐந்து என்னும் சங்கடத்தில் குடும்பஸ்தன் நாடுகிற அந்தச் சிறு பெட்டிக்கு யூஎஸ்பி ஹப் என்ற பெயர் பொருத்தமே என்பதில் அறிஞரிடையே அபிப்பிராய பேதம் இல்லை. பேதமெல்லாம் அது எந்த ஜாதி ஹப் என்பதில்தான்.

மடிக்கணினி இடும் மின்சாரத்தையே உண்டு, அதையே தன்னை அண்டியவர்களுக்கும் ஊட்டி ஜீவிப்பது ஒரு ஜாதி. சுவர்ப் பிளக்கில் தனக்கென ஓர் அடாப்டரைச் சொருகிக்கொண்டு, கணினியிடம் வெறும் பேச்சுவார்த்தை மட்டும் வைத்துக்கொள்வது மற்றொரு ஜாதி. ரிச்சி தெருக் கடைக்காரர்கள் "சாதா", "அடாப்டர் வச்சது" என்று இரண்டு வார்த்தையில் தள்ளிவிடும் இவ்விஷயத்தை, சாஸ்திர கௌரவம் கருதி, பராதீன ஹப், சுயாதீன ஹப் என்று வழங்குவோம்.

பராதீன ஹப்பின் நிதிநிலையை முதலில் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் வகுத்த யூஎஸ்பி 2.0 விதிப்படி, கணினியின் ஒரு துவாரம் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரக் கடமைப்பட்டது. அதில் நூறை ஹப் தன் சொந்த வயிற்றுக்கு எடுத்துக்கொள்ள, மீதி நானூறு நான்கு துவாரங்களுக்கும் தலைக்கு நூறாகப் பிரிகிறது. 1955 ஜனவரியில், எங்கள் வீட்டுக்கு மேற்கே சில மைல் தள்ளி, ஆவடியில் யூ. என். தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானித்தது சரித்திரப் பிரசித்தம்; அந்தத் தீர்மானத்தை இவ்வளவு அட்சரசுத்தமாகச் சிரமேற்கொண்ட இன்னொரு ஸ்தாபனத்தை நான் கண்டதில்லை. மௌஸுக்கும் நூறு, சுழன்று எழுவதற்கே ஐந்நூறுக்கு மேல் கேட்கும் ஹார்டு டிஸ்குக்கும் நூறு. இதுவும் காகிதத்தில்தான். மலிவு ஹப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பங்கீட்டு அதிகாரி எவரும் இல்லை. மின்கம்பி நேரே நான்கு துவாரத்துக்கும் ஓடுகிறது, முந்தியவன் குடிக்கிறான். 2008இல் வந்த யூஎஸ்பி 3.0, துவாரத்தின் படியை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியதென்னவோ உண்மை. ஆனால் படி உயர்ந்தால் விருந்தாளியும் உயர்வான் என்பது சம்சாரிகள் அறிந்ததே.

இனிப் பரிசோதனை. என் மகள் கல்யாண வீடியோவைப் பிரதி எடுத்துக்கொண்டு போவதற்காக, பூந்தமல்லியிலிருந்து சம்பந்தி தம் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்கை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். மௌஸும் கீபோர்டும் ஏற்கெனவே குடியிருந்த சாதா ஹப்பில் அதையும் சொருகினேன். நீல விளக்கு ஒரு கணம் எரிந்தது. பிறகு டிக், டிக், டிக். சற்று மௌனம். மறுபடியும் டிக், டிக். மோட்டார் சுழல முயன்று, சக்தி போதாமல் விழுந்து, மீண்டும் முயலும் ஓசை அது என்பது பின்னால் தெரிந்தது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் தாயார், பல்லிதான், ஓசை வந்த திக்கு தென்மேற்கு என்று நிச்சயித்துக்கொண்டு, பஞ்சாங்கத்தில் கௌளி சாஸ்திரப் பக்கத்தைப் புரட்டலானார். பலன் சுகமாக இல்லை போலும், சம்பந்தி இருக்கிறாரே என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

சம்பந்தியோ கௌளிக்கு அஞ்சுபவரல்லர். காஞ்சி வரதனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர்க்காரர், வைஷ்ணவ கிரந்தங்களில் ஊறியவர். ஹப்பைக் கையிலெடுத்து இப்புறமும் அப்புறமும் பார்த்தார்.

"சம்பந்தி, இது மார்ஜார நியாயம்! குட்டிப் பூனை தான் ஒன்றும் செய்யாது, தாய்தான் வாயில் கவ்விக்கொண்டு போகும். கவ்வுகிற பல்லுக்கு எத்தனை குட்டி தாங்கும், சொல்லுங்கள்?"

"அப்படியானால் அடாப்டர் வைத்தது?"

"அது மர்க்கட நியாயம். குரங்குக் குட்டி தன் கை பலத்தால் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பிடித்திருப்பது தாயைத்தானே? விட்டால் கீழே விழ வேண்டியதுதான்."

மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் தகவலுக்குக் கணினியின் ஒயரைப் பற்றியே ஆக வேண்டும் என்ற தத்துவத்தை இவ்வளவு சுருங்க உரைத்த பாஷ்யத்தை நான் எந்தப் பெட்டியோடு வரும் துண்டுத்தாளிலும் படித்ததில்லை. பூனையைச் சொல்லும் தென்கலையார்க்கும் குரங்கைச் சொல்லும் வடகலையார்க்கும் நூற்றாண்டுகளாக நடந்துவரும் இவ்வழக்கில் நான் தலையிட விரும்பவில்லை. ஹார்டு டிஸ்க் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி வடகலை.

மறுவாரம் சுயாதீன ஹப் வந்தது. வாங்கும்போது அடாப்டரின் முதுகில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும்: நான்கு துவாரத்துக்கும் தலைக்கு 500 கிடைக்க 5 வோல்ட், 2 ஆம்பியர் வேண்டும், 1 ஆம்பியர் என்றிருந்தால் அது சுயராஜ்யமன்று, டொமினியன் அந்தஸ்து. மட்டமான சரக்கில், ஹப்பின் மின்சாரம் திரும்பி மடிக்கணினிக்குள்ளேயே பாய்வதும் உண்டு. மகன் வீட்டுக்குப் பணம் அனுப்புவது போன்ற நற்செயலன்று இது, துவாரத்தைக் கெடுக்கும்.

சம்பந்தியை மீண்டும் வரவழைத்து, டிஸ்கைச் சொருகினேன். டிக் என்ற சத்தமே இல்லை, மெல்லிய ரீங்காரம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, ஊஞ்சல் முடிந்து, மாங்கல்யதாரணக் கோப்பு பாதி போய்க்கொண்டிருந்தபோது மின்விசிறி நின்றது. அன்று எங்கள் தெருவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் 2 வரை மின்நிறுத்தம் என்று பேப்பரில் வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மடிக்கணினி தன் பேட்டரியில் நிச்சிந்தையாக ஒளிர்ந்துகொண்டிருக்க, சுயாதீனமென்று நான் பட்டம் சூட்டிய ஹப், அடாப்டர் செத்த மாத்திரத்தில் கூச்சமின்றிக் கணினியிடமே கை நீட்டியது. டிக், டிக், டிக். என் தாயார் பஞ்சாங்கத்தைத் தேடினார்.

சுவரை நம்பியதும் பராதீனமே என்ற முடிவுக்கு ஆராய்ச்சி இவ்வாறு வந்து சேர்ந்தது. மௌஸும் கீபோர்டும் மட்டும் உள்ளவர்களுக்குச் சாதா ஹப்பே போதும். சுழலும் டிஸ்க் உள்ளவர்கள் அடாப்டர் வைத்ததை வாங்கி, அதையும் இன்வெர்ட்டர் பிளக்கிலேயே சொருக வேண்டும். எங்கள் கூடத்தில் இன்வெர்ட்டர் பிளக் ஒன்றுதான். அதில் இருந்த கொசுவிரட்டியைக் கழற்றியாயிற்று. இக்கட்டுரையின் பிற்பகுதி, கொரட்டூர் ஏரிப் பக்கத்துக் கொசுக்கள் சூழ, ஒரு கையால் எழுதப்பட்டது.