மஞ்சள் கொடியின் பின்னே

சின்ச்சு, தைவான்.

சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

இந்தத் தீவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தவன் இன்னும் தலைநகரை முறையாகப் பார்க்கவில்லையே என்று தாங்கள் கடிதந்தோறும் குறைப்பட்டுக்கொள்வதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை பணம் கட்டி ஒரு சுற்றுலாக் கோஷ்டியில் சேர்ந்து தைபேயைத் தரிசித்தேன். தைபேயை என்பதைவிட, மஞ்சள் கொடியொன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாய்ச் சென்ற வழிகாட்டி அம்மாளின் முதுகைத் தரிசித்தேன் என்பதே சத்தியத்துக்குச் சமீபமானது.

முதலில் தேசிய அரண்மனை அருங்காட்சியகம். சீனச் சக்கரவர்த்திகள் பரம்பரையாகச் சேர்த்த பொக்கிஷத்தில் ஒரு பகுதியை, உள்நாட்டுப் போரில் தோல்வி நெருங்கிய 1948, 49-ஆம் ஆண்டுகளில் சியாங் கை ஷேக்கின் சர்க்கார் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அத்தனை பிரயாசையுடன் கடல் கடந்து வந்த திரவியங்களில் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு பார்ப்பது எதை என்கிறீர்கள்? ஒரு சீன முட்டைக்கோஸை! சாண் நீளங்கூட இல்லாத ஜேட் கல்லில், வெண்மையான பாகம் தண்டாகவும் பசுமையான பாகம் இலையாகவும் அமைய, கல்லிலிருந்த கீறல்களையெல்லாம் இலை நரம்புகளாக்கி, உச்சியில் ஒரு வெட்டுக்கிளியையும் அதன் பங்காளிப் பூச்சி ஒன்றையும் உட்கார வைத்திருக்கிறான், பெயர் தெரியாத அந்தச் சிற்பி. அதற்கு ஈடாகக் கூட்டம் சேர்வது ஒரு துண்டு பன்றி மாமிசத்துக்கு. தோலில் மயிர்க்கால் தெரிய, கொழுப்பு அடுக்கடுக்காய் மினுமினுக்கும் அந்த வஸ்துவும் கல்லேதான். மரக்கறியைத் தவிர வேறறியாத அடியேன் மாமிசத்தை அவ்வளவு சிரத்தையுடன் உற்றுப் பார்த்தது இந்த ஜன்மத்தில் அதுவே முதல் தடவை.

மத்தியானம் போன விடுதியின் பெயர்ப்பலகையில் நம் ஸ்வஸ்திகம் எழுதியிருந்தது. பௌத்த ஆசாரப்படி சமைக்கும் சைவக் கடைகளுக்கு இங்கே அதுதான் அடையாளம். வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. மடிசஞ்சியாக வந்து உட்கார்ந்தால், தட்டில் வந்ததோ தோலோடு ஒரு மீன்! சோயா மாவின்மேல் கடற்பாசியைப் போர்த்தியது என்று அம்மாள் அடித்துச் சொன்னபோதிலும், காலையில் கல்லை மாமிசமாகக் கண்ட கண்ணுக்கு நம்பிக்கை பிறக்கச் சற்று அவகாசம் பிடித்தது. பிறப்பதற்குள் கொடி எழுந்துவிட்டது.

தைபே 101 என்னும் 508 மீட்டர்க் கோபுரத்தில், ஐந்தாம் மாடியிலிருந்து 89-ஆம் மாடிக்கு லிஃப்ட் 37 விநாடிகளில் போய்விடுகிறது. அதில் ஏற வரிசையில் நிற்கும் நேரத்தை மட்டும் எவரும் பெருமையாகச் சொல்வதில்லை. புயலில் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் அசைந்து நிதானப்படுத்தும் பொருட்டு, 660 டன் எஃகு உருண்டை ஒன்றை உள்ளே தொங்கவிட்டிருக்கிறார்கள். நாட்டுப்பெண்களின் கலகத்தில் இரு கட்சிக்கும் ஆடிக்கொடுத்தே குடித்தனத்தைக் காப்பாற்றிய நம் பாட்டியின் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் 1738-இல் ஸ்தாபித்த லுங்ஷான் கோயில். பிரதான தெய்வம் குவான்யின். நம் அவலோகிதேசுவரர்தாம் இங்கே பெண்ணுருவில் எழுந்தருளியிருக்கிறார். பிறை வடிவான இரு கட்டைகளைத் தரையில் போட்டுத் தெய்வ சித்தத்தை அறிவது இங்கே சம்பிரதாயம்: ஒன்று கவிழ்ந்தும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் உத்தரவு, இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு, இரண்டும் மல்லாந்தால் சுவாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். இந்தச் சந்நிதியில் இன்னும் கால் மணி நேரம் நிற்க அந்த அம்மாள் விடுவாளா என்று மனத்துக்குள் கேட்டுப் போட்டேன். இரண்டும் மல்லாந்தன. மறுபடி கேட்கலாமென்று குனிவதற்குள் வாசலில் கொடி ஏறியாயிற்று.

சித்திக்கு என் நமஸ்காரம். இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டும்போது மீன் விஷயத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

ஆசீர்வாதம் கோரும்
தங்கள் அண்ணன் மகன்