பாறைக்குள் பதுங்கும் பாஸ்பேட்

கேள்வி: பவளத் தொட்டியில் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் பாஸ்பேட் மறுபடி ஏறிவிடுகிறதே, ஏன்?

பதில்: நீங்கள் மாற்றுவது தண்ணீரை, பாஸ்பேட் குடியிருப்பதோ பாறையில்! கால்சியம் கார்பனேட்டாலான பாறையும் மணலும் அதை ஈர்த்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைந்ததும் மெல்லக் கசியவிடும். சேர்ந்த இருப்பு கரையும்வரை பொறுமை வேண்டும்.

முதலில் வரவைக் குறையுங்கள். மீன்கள் உடனே தின்று முடிக்கும் அளவு மட்டும் தீனி போடுங்கள். உப்பு கலக்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரே நல்லது. அடுத்து, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைக் கொஞ்சமாக ஃபில்டரில் வையுங்கள். அதன் வீரியம் தீர்ந்ததும் மாற்றுங்கள்.

பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் நிம்மதி. பூஜ்யத்துக்கு ஆசைப்படாதீர்கள், பவளத்துக்கும் பாஸ்பேட் தேவை. சடாரென்று இறக்கினால், பாஸ்பேட்டால் வளரும் பாசிக்கு முன்னால் பவளம் போய்விடும்!