எஞ்சிய 2.6 விழுக்காடு

மன அழுத்தம் என்னும் தொடர் தமிழுக்குப் புதிது. அது குறிக்கும் நிலை புதிதன்று. கவலை, உளைச்சல், மனச்சுமை என்று வீட்டுக்கு ஒரு பெயரில் வழங்கி வந்த இந்நிலையை, இன்று தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் எவரும் ‘டென்ஷன்’ என்றே குறிப்பிடுகின்றனர். ‘அழுத்தம்’ மேலிருந்து நெருக்குவதையும் ‘டென்ஷன்’ இருபுறமும் பிடித்து இழுப்பதையும் உணர்த்துவதால், ஒரே மனிதர் ஒரே காலை வேளையில் நெருக்கவும் படுகிறார், இழுக்கவும் படுகிறார் என்பது சொல்லாராய்ச்சியால் பெறப்படும். மன அழுத்தத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல் பொறியியலில் இரும்புக் கம்பிக்கும் பாலத்துக்கும் உரியது. இருபதாம் நூற்றாண்டில் ஹான்ஸ் செல்யே என்னும் உடலியல் அறிஞரின் எழுத்துகள் வழியாக அது மனித உடலுக்கு வந்து சேர்ந்தது. இரும்புக் கம்பி நெளியும்போது அதன் அருகில் அமர்ந்து கவிதை வாசித்துக் காட்டும் வழக்கம் பொறியாளரிடம் இல்லை. மனிதன் நெளியும்போது மட்டும் அது செய்யப்படுகிறது.

இவ்வழக்கத்துக்கு ‘நூல்வழி மருத்துவம்’ என்று பெயர். நோயாளியின் மனநிலை அறிந்து அதற்கேற்ற நூலை மருந்துபோல் பரிந்துரைப்பது இதன் முறை. 1916இல் சாமுவேல் குரோத்தர்ஸ் என்னும் அமெரிக்கப் பாதிரியார் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரையில்தான் இதன் ஆங்கிலப் பெயர் முதன்முதலாக அச்சேறியது என்பர். அக்கட்டுரை ஒரு நகைச்சுவைக் கட்டுரை என்பதும், நூல்களை மாத்திரையாக எழுதிக் கொடுக்கும் ஒரு கற்பனை நண்பரை அது கேலி செய்தது என்பதும் இத்துறையில் அதிகம் பேசப்படுவதில்லை. கேலியாகப் பிறந்த ஒன்று நூறாண்டு கடந்து அலுவலகச் சுற்றறிக்கையாகும் என்று அந்தப் பாதிரியார் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சுற்றறிக்கை என்று இங்குக் குறிப்பிடப்படுவது சென்ற வாரம் வந்தது. இக்கட்டுரையின் ஆசிரியர் பணிபுரியும், பெயர் கூற வேண்டாத அலுவலகத்தில், நாள்தோறும் காலை 5.40க்கு ஒரு ரோஜாப்பூவும் அதன்மேல் நான்கு வரிக் கவிதையுமாக வாட்ஸாப்பில் அனுப்பி வைக்கும் மேலதிகாரி, அது போதாதென்று கருதி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வத்தல்மலையில் ‘அமைதி வாசிப்பு’ நடைபெறும் என்றும், விரும்புவோர் வரலாம் என்றும், வராதோர் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்றும் அறிவித்தார். அமைதி வாசிப்பு என்பது பலர் ஓரிடத்தில் கூடி, ஒருவரோடொருவர் பேசாமல் தத்தம் நூலைப் படித்துவிட்டுக் கலைவது. 2023இல் பெங்களூரு கப்பன் பூங்காவில் தொடங்கிப் பல நகரங்களுக்கும் பரவிய இவ்வழக்கத்தில், அங்கெல்லாம் எவரும் எழுத்தில் காரணம் கேட்பதில்லை. எந்த வகை மன அழுத்தத்துக்கு எந்த வகைப் பா பொருந்தும் என்பதை முறைப்படுத்திக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாதலால், அதற்கு முன்னோட்டமாக மலையைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும்.

வத்தல்மலை தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் அமைந்தது. சின்னாங்காடு, பெரியூர், ஒன்றிக்காடு, பால்சிலம்பு முதலிய ஊர்களில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் (இப்பெயர் மலையில் வாழ்வோரைக் குறிப்பது, கேரளத்தாரைக் குறிப்பதன்று) சாமையும் ராகியும் விளைவித்து, சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களின் மேலேயே மிளகுக்கொடியும் வளர்க்கின்றனர். அடிவாரத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலே செல்லவேண்டும். ஓடும் வண்டியில் நூலைப் பிடித்தால், கண் அசையாத எழுத்தைக் காண, காதின் உட்புறத்திலுள்ள சமநிலை உறுப்பு வளைவை உணர, இரண்டும் முரண்பட்டுக் குமட்டல் தோன்றும் என்பது உடலியல் உண்மை. முன்கூட்டியே அமைதியடைய விரும்பி அடிவாரத்திலேயே கவிதைத் தொகுப்பைத் திறந்த கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் ஐந்தாம் வளைவில் அவ்வுண்மையை மெய்ப்பித்தார்.

மேலே சென்றதும் வழங்கப்பட்ட துண்டறிக்கையில், ஆறு நிமிட வாசிப்பு மன அழுத்தத்தை 68 விழுக்காடு குறைக்கும் என்று இருந்தது. இவ்வெண்ணைக் காணாத வாசகர் தமிழ்நாட்டில் இரார். காலை வணக்கச் செய்திகளில் திருக்குறளுக்கு அடுத்தபடியாக அனுப்பப்படுவது இதுவே. 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் லூயிஸ் என்னும் உளவியலார், சில தன்னார்வலர்களை முதலில் சோதனைகளால் பதற்றப்படுத்தி, பின்னர் அப்பதற்றம் எதனால் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். வாசிப்பால் 68, இசையால் 61, தேநீரோ காப்பியோ குடிப்பதால் 54, நடப்பதால் 42, கணினி விளையாட்டால் 21 விழுக்காடு குறைந்ததாகச் செய்தி வெளியாயிற்று. இதனை வத்தல்மலைக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பான விளைவுகள் தோன்றுகின்றன. மலைமேல் நடந்தால் 42, அங்கு விளைந்த காப்பியைக் குடித்தால் 54, ஆகமொத்தம் நூலைத் திறக்குமுன்பே 96 விழுக்காடு தீர்ந்துவிடுகிறது. மேலும் ஆறு நிமிடம் படித்தால் கணக்கு 164 ஆகி, மிகுதியான 64 விழுக்காட்டை வரவு வைத்துத் திங்கட்கிழமைக்கு எடுத்துச் செல்ல இயலுமா என்னும் ஐயம் எழுகிறது. மேற்படி கணக்குப் பிரிவு ஊழியர், முகம் கழுவித் தெளிந்தபின், இவ்வாறு கூட்டுவது பிழை என்றும், தள்ளுபடிமேல் தள்ளுபடி தரும் ஆடித் துணிக்கடைபோல் ஒவ்வொரு முறையும் எஞ்சியதிலிருந்தே கழிக்கவேண்டும் என்றும் சுட்டிக்காட்டினார். அதன்படி, நடந்தபின் எஞ்சுவது 58. அதில் காப்பி 54 விழுக்காட்டைக் கழிக்க எஞ்சுவது 26.7, வாசிப்புக்குப்பின் எஞ்சுவது 8.5, யாரோ கைப்பேசியில் இளையராஜாவை ஒலிக்கவிட்டதால் 3.3, வாசிப்பதுபோல் நூலை முகத்துக்கு நேரே பிடித்து அதன் பின்னால் கைப்பேசியில் விளையாடியவருக்கு 2.6. ஆசிரியரும் அவ்வாறு பிடித்திருந்தவருள் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. இதனினும் நுட்பமான முடிவு ஒன்று உண்டு: எத்தனை முறை கழித்தாலும் இத்தொகை பூச்சியம் ஆகாது. ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை நாள் முழுவதும் படித்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எஞ்சியே நிற்கும். அத்துளி மறுநாள் காலை 5.40க்கு மீண்டும் நூறாகும். அன்றியும், மேற்படி ஆய்வைச் செய்வித்தது ஒரு சாக்லேட் நிறுவனம், அதுவும் இலவச நூல் வழங்கும் விளம்பர இயக்கம் ஒன்றையொட்டி. சாக்லேட்டால் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பது துண்டறிக்கையில் இல்லை.

வாசிப்புக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் படம் எடுப்பதில் கழிந்தது. முன்னால் காப்பி டம்ளர், நடுவில் நூலின் அட்டை, பின்னால் பனிமூட்டம் என்னும் அமைப்பு எல்லோரும் அறிந்ததே. பனி நூற்பெயரை மறைத்ததால் ஆசிரியரும் தம் படத்தை மூன்று முறை எடுக்க நேர்ந்தது. மூன்றாம் முறைக்குள் காப்பி ஆறிவிட்டது. காப்பித் தோட்டத்திலிருந்து விறகுச் சுமையோடு வந்த மூதாட்டி ஒருவர், நாற்பது பேர் பேச்சுமூச்சின்றி நூலைப் பார்த்துக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் நின்று கவனித்து, “ஏம்பா, பரிச்சையா? பாஸ் ஆயிடுவீங்க, போங்க” என்று ஆறுதல் கூறிச் சென்றார். அன்று உண்மையிலேயே அமைதி தந்த சொல் அதுவாகவே இருக்கக்கூடும்.

கவிதை அமைதி தருவது என்னும் கருத்து தமிழ் மரபில் எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது. மனத்தில் தோன்றும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்னும் தொல்காப்பியம், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டை எண்ணுகிறது. சாந்தம் அவ்வெட்டில் இல்லை. ஒன்பதாம் சுவையாக அது இடம்பெற்றது பிற்கால வழக்கு. அன்று தகடூர் என்ற பெயரோடு இருந்த இதே தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைப் பெற்ற ஔவையார், சங்கத் தொகைகளில் 59 பாடல்களைத் தந்துள்ளார். அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தபின், அதியமானை இழந்து அவர் பாடிய கையறுநிலைப் பாடல்களை (கையறுநிலை என்பது தலைவனை இழந்தோர் செயலற்றுப் புலம்புவது) இரத்த அழுத்தம் குறைவதற்காகப் பரிந்துரைப்பவர் அவற்றைப் படித்தவராக இருக்க இயலாது.

அமைதி வாசிப்பின் முடிவில், மலைக்குப் பொருத்தம் என்று கருதி, மேலதிகாரி கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலிருந்து மலர்ப் பகுதியை உரக்க வாசிக்கச் செய்தார். 261 அடிகள் கொண்ட அந்நூலில் 99 மலர்களின் பெயர்கள் ஏறத்தாழ முப்பத்தைந்து அடிகளில் இடைவெளியின்றித் தொடர்கின்றன. வாசித்த இளைஞர் நாற்பதாம் மலரையொட்டி மூச்சுத் திணறித் தண்ணீர் கேட்டார். ஆனால் அந்நூலின் பொருளை அங்கு எவரும் கூறவில்லை. தலைவியின் மேனி மெலிந்ததற்குக் காரணம் அறியாத செவிலி, அறிந்தோரை வினவியும் தெய்வங்களைப் பரவியும் வருந்துகிறாள். பூவும் புகையும் செய்யாததைத் தோழியின் பேச்சு செய்கிறது, ஏனெனில் அவள் நோயின் உண்மையான காரணத்தை வாய்விட்டு உரைக்கிறாள். ஆசிரியரிடம் எவரேனும் அன்று வினவியிருந்தால் அவரும் உரைத்திருப்பார்: ஆறு நாள் வேலைக்குப்பின் கிடைப்பது ஒரு ஞாயிறு, அதையும் மலைமேல் பறிகொடுத்தாயிற்று, அவர் வீட்டுத் திண்ணையில் படுத்தபடி, எவருக்கும் படம் அனுப்பாமல், பாதியில் நிற்கும் பழைய துப்பறியும் நாவலைப் படித்து முடிக்கக் கேட்டிருந்த இரண்டு நாள் விடுப்பு விண்ணப்பம் மூன்று வாரமாக மேசைமேல் கிடக்கிறது.

திங்கட்கிழமை காலை 5.40க்கு மலைப்பாதையின் படமும் அதன்மேல் நான்கு வரிக் கவிதையும் வந்தன. விண்ணப்பத்துக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை.