பேராண்டிக்கு வச்ச கண்ணி

ஏலே பேராண்டி, குலுக்கல்ல உன் பேரு விழுந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோல்ஃப் மைதானத்துல ஆடப் போறியாமே. உங்க அப்பன் டீக்கடை வரைக்கும் சொல்லிட்டான். ஹேண்டிகேப் நாலுங்கிற. அது என்ன எழவோ எனக்கு வெளங்காது. ஆனா அந்த மைதானம் எனக்கு வெளங்கும். கடக்காத்துக்கு ஒதுங்கிச் செம்மறி படுத்துப் படுத்துப் பள்ளமான எடந்தான் இன்னைக்கு பங்கரா நிக்குதுன்னு அந்த ஊர்க்காரங்க சொல்றதா நீதானே சொன்ன? அம்பது வருசம் கிடை போட்டவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ யூடியூப்புல பாடம் படிக்கிற. நல்லாருக்கு.

அந்த பங்கர் குழி மொத்தம் 112-ஆம். கௌதாரிக்குக் கண்ணி வைக்கிறவன் முள்ளுக்குள்ளயா வைப்பான்? அது ஆசைப்பட்டு வர்ற தடத்துலதான் வைப்பான். என்னை மாதிரி ஆளு அடிச்சா பந்து அந்தக் குழி கிட்டயே போவாது. நான் பாட்டுக்கு உருட்டிக்கிட்டு ஓரமாப் போயிருவேன். உன்னைய மாதிரி கெட்டிக்காரன் எந்த எடத்துல பந்து விழணும்னு ஆசைப்படுவானோ, அங்கதான் கெடக்கும் குழி. சிலது, மொத அடி அடிக்கிற எடம், டீங்கிறீங்களே, அங்க நின்னு பார்த்தா கண்ணுக்கே தட்டுப்படாது. முந்தி எதிர்த்திசையில ஆடுவாங்களாம். அங்கேருந்து பார்த்தா பல்லைக் காட்டும்.

எடத்துக்குப் பஞ்சமில்ல. இடப்பக்கமா அடிச்சுட்டு நிம்மதியா நடக்கலாம். ஆனா அங்க போய் நிமிர்ந்து பாரு, கொடிக்கும் உனக்கும் நடுவுல ஒரு குழி உக்காந்திருக்கும். வலப்பக்கம் முள்ளுப்புதரை ஒட்டிப் போனவனுக்குத்தான் வழி தெறக்கும். மொதல்ல பயந்தவன் பின்னால அழுவணும். அம்புட்டுத்தான் வித்தை.

அந்தப் பதினேழாவது இருக்கே, ரோட் ஹோல், 495 கெஜம், நாலே அடியில முடிக்கணும். பழைய ரயில் கொட்டகை இருந்த எடத்து மூலைக்கு மேலயே பந்தைப் பறக்க விடணும். தப்புனா வெளியூர்ப் பந்து. பயந்து இடப்பக்கம் போனியோ, குறுகலா, சாய்வாக் கெடக்குற, கொடி நிக்கிற கிரீனுக்கு முன்னால செங்குத்தா ஒரு மண்குழி. அதுக்குத் தப்பிச்சு நீளமா அடிச்சா பின்னால தார் ரோடு, கல்லுச் சுவரு. 1978-ல நாகஜிமான்னு ஒரு ஜப்பான்காரன். பந்து கிரீன் மேலயே வந்துருச்சு. மெதுவாத் தட்டுனான், அது சரிவுல மெள்ளத் திரும்பி அந்த மண்குழிக்குள்ள எறங்கிருச்சு. வெளிய எடுக்க நாலு அடி, மொத்தம் ஒம்பது. குழிக்கே அவன் பேரை வச்சுக் கேலி பண்ணிட்டானுங்க. 2000-ல அதே மைதானத்துல டைகர் உட்ஸ் நாலு நாளும் ஒரு குழியிலயும் விழாம எட்டு அடி வித்தியாசத்துல ஜெயிச்சான். பலசாலிதான். ஆனா எங்க அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச பலசாலி.

பாபி ஜோன்ஸ்னு ஒரு ஆட்டக்காரன் 1921-ல அங்க பதினொன்னாவதுல குழிக்குள்ள மாட்டி, கோவத்துல போட்டியிலேருந்தே வெலகிட்டான். வாலிபக் கொழுப்பு. 1927-ல அங்கயே வந்து ஜெயிச்சான். அப்புறம் மைதானம் வடிவமைக்கிற மக்கென்சியோட சேர்ந்து அமெரிக்காவுல அகஸ்டாவுல மைதானம் போட்டப்ப இந்தக் குசும்பையும் கூடவே கொண்டு போயிட்டான். அங்க பதிமூணாவது, கிரீனுக்கு முன்னால ஓடை. ரெண்டே அடியில தாண்டிரலாம்னு மனசு அரிக்கும். பந்து இப்பல்லாம் ரொம்ப தூரம் பறக்கவும், அரிப்பு அடங்கிரக் கூடாதுன்னு 2023-ல டீயைப் பின்னால தள்ளி 545 கெஜமா ஆக்கிட்டாங்க. வெறுமனே எல்லாத்தையும் நீட்டிக்கிட்டே போறவன் வேலியை உசத்துறவன். வெள்ளாட்டுக்கு வேலி எம்மட்டு?

நீ பதினேழாவதுல கிரீனுக்கு முன்னாடி வலப்பக்கமாப் போட்டு, தட்டி ஏத்தி, அஞ்சுல முடிச்சுட்டு வா. அஞ்சுன்னா கேவலமில்ல. ஆனா நீ கேக்க மாட்ட, அப்பன் ரத்தம். பாலத்தைச் சுத்தி வந்தா ரெண்டு மைலுன்னு, வெள்ளம் போற ஓடையில வண்டியை வுட்டான் உங்க அப்பன், பொங்கலுக்கு மொத நாளு, பின்னால வெல்ல மூட்டையோட. அந்த வருசம் நம்ம வீட்டுல வெண்பொங்கல். ஓடைக் கெண்டைக்குத்தான் சர்க்கரைப் பொங்கல்.