எழுதினால்தானே குற்றம்!

தமிழ்நாட்டில் குற்றங்களைக் குறைக்க ரோந்தும் வேண்டாம், தெருவுக்குத் தெரு கேமராவும் வேண்டாம். ஸ்டேஷன் ரைட்டர் பேனாவைத் திறக்காமல் இருந்தாலே போதும். எழுதாத திருட்டு நடக்காத திருட்டு. சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போதெல்லாம் எந்தக் கட்சி ஆண்டாலும் குற்றங்கள் கட்டுக்குள் இருப்பதாகச் சொல்லி மேஜையைத் தட்டுகிறார்களே, அந்தத் தட்டலில் ஒரு பங்கு இந்த ரைட்டர்களுக்கும் சேர வேண்டும்.

இந்த அமைதியைக் கெடுக்கவென்றே சிலர் மனுவும் கையுமாகக் கிளம்பி வருகிறார்கள். நேற்று ராத்திரி பைக்கில் வந்த இரண்டு பேர் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்கு ஒரு எஃப்.ஐ.ஆர். வேண்டுமாம்! அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது.

பிடுங்கியது மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இது தெரியாமல் படியேறாதீர்கள். "பாலத்துக்கு அந்தாண்டன்னா எங்க லிமிட் இல்லைங்க." அந்தாண்டை ஸ்டேஷனுக்குப் போனால், "பைக் எந்தப் பக்கம் போச்சு? அங்கதானே? அப்ப அங்கயே குடுங்க" என்பார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், அங்கேயே பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். இந்தச் சட்டத்தின் பெயரைத் திக்காமல் சொல்லி முடிப்பதற்குள் பாரா மாறிவிடும் என்பதைப் பெயர் வைத்த டெல்லிக்காரர்கள் யோசிக்கவில்லை. ஸ்டேஷனுக்கே போகாமல் ஆன்லைனில் அனுப்பலாமே என்பீர்கள். தாராளமாக அனுப்பலாம். மூன்று நாளைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அதே படி, அதே பெஞ்சு.

எல்லைத் தகராறு தீர்ந்ததும் உங்கள் மனுவைத் திருத்துவார்கள். "பிடுங்கிட்டாங்கன்னு ஏன் சார் எழுதறீங்க? அப்புறம் கோர்ட்டு, அடையாள அணிவகுப்புன்னு அலையணும். தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க. சிம் கார்டு வாங்க அதுவே போதும்." அக்கறையான பேச்சுதான். நீங்களும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்த நொடியில் பைக்கில் வந்த இரண்டு பேரும் நிரபராதிகள். செல்போனைக் கவனமாக வைத்துக்கொள்ளத் தெரியாத நீங்கள்தான் ஊரில் மிச்சமிருக்கும் ஒரே குற்றவாளி.

"இல்லை, பிடுங்கினார்கள் என்றுதான் எழுதுவேன்" என்று அடம்பிடித்தால் ஒரு சீட்டு கிடைக்கும். சி.எஸ்.ஆர். அதாவது சமுதாயப் பணிப் பதிவேட்டு ரசீது. மண்டை உடைந்தாலும், நிலத்தை வளைத்துப்போட்டாலும், சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிப்போனாலும் இதே சீட்டுதான். உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதைத் தவிர அதில் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் நம் ஜனங்கள் அதை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கையின் மேல்தான் ஒரு துறையே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீர வேண்டும், போலீசுக்கு வேறு வழியில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தார்கள். லலிதா குமாரி வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் மகளைக் காணோம் என்று போன தகப்பனின் புகாரை போலீஸ் இழுத்தடித்ததில் பிறந்த வழக்கு அது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் பவானி பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ப.சதாசிவம். நம்ம ஊர்க்காரர் சொல்லியும் நம்ம ஊர் ஸ்டேஷனுக்குக் கேட்கவில்லை. போதாததற்கு, புதிய சட்டம் ஒரு ஜன்னலையும் திறந்துவிட்டிருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம். உங்கள் செல்போன் பறிப்பு கச்சிதமாக அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 14 நாளில் அந்தப் போன் எத்தனை கை மாறியிருக்கும் என்று கேட்காதீர்கள், அது பூர்வாங்கத்தில் வராது.

புகார் கொடுப்பவர் பெண் என்றால் மரியாதையே வேறு. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி இன்று ஊர் ஊருக்கு மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. கன்னம் வீங்கி வந்தவளுக்கு முதலில் கிடைப்பது கவுன்சிலிங். "புள்ளைங்க முகத்தைப் பாரும்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ." அடித்தவனை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார்கள். அவள் அடுத்த முறை ஆஸ்பத்திரி வழியாக வந்தால், "அன்னைக்கு நீதானேம்மா சமாதானம்னு கையெழுத்துப் போட்டே?" என்ற கேள்வி தயாராக இருக்கும்.

சேரியிலிருந்து வரும் புகாருக்கு மட்டும் பேனா இரண்டு தடவை திறக்கும். வெட்டுப்பட்டவன் கொடுத்ததற்கு ஒன்று, வெட்டியவன் தரப்பு கொடுத்ததற்கு ஒன்று. கவுன்ட்டர் கேஸ் என்பார்கள். முதல் புகாரை எழுத மனம் வராமல் மூன்று நாள் கிடந்த அதே மேஜையில் இரண்டாவது புகார் ராத்திரியோடு ராத்திரியாக எஃப்.ஐ.ஆர். ஆகிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குக்குப் பூர்வாங்க விசாரணையே தேவையில்லை என்று 2018-இல் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் பிறகும் முதல் மனு பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது.

எழுத மாட்டார்கள் என்று ஒரேயடியாகவும் சொல்லிவிடக் கூடாது. எழுதினால் ஊருக்கே படிக்கக் கொடுத்துவிடுவார்கள். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில், புகார் கொடுத்த பெண் யார் என்பதை மாவட்ட எஸ்.பி.யே பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அடையாளம் இருந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் புகாரின் எஃப்.ஐ.ஆர். அவருடைய விவரங்களோடு இணையத்திலிருந்து வெளியே போனது. பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறாம். செல்போன் பறித்தவனைக் கண்டுபிடிக்கக் கோளாறாகும் கம்ப்யூட்டர், பாதிக்கப்பட்ட பெண்ணைக் காட்டிக்கொடுக்க மட்டும் சொன்ன நேரத்துக்கு வேலை செய்கிறது. இரண்டு தடவையும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஐந்தாண்டில் தக்காளி எங்கேயோ போய்விட்டது, பெண்ணின் மானத்துக்கு மட்டும் விலை ஏறவே இல்லை.

வேகம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலுக்கு வந்தவர்களின் காரிலிருந்த நகையைக் காணோம் என்றொரு புகார். மேம்பாலக் கேள்வி இல்லை, சி.எஸ்.ஆர். சீட்டைக் கொடுத்துப் போகச் சொல்லவும் இல்லை. தனிப்படை பாய்ந்து வந்தது. கோயில் காவலாளியாக இருந்த இளைஞனை அடித்தே கொன்றது. உடம்பில் 44 காயங்கள். எஃப்.ஐ.ஆர். போடாமலே எப்படி விசாரித்தீர்கள், யார் உத்தரவில் தனிப்படை வந்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. ஆக, எழுதாமல் வேலை செய்யவே தெரியாதவர்கள் இல்லை இவர்கள். எந்தப் புகாருக்கு லத்தி, எந்தப் புகாருக்கு ரசீது என்பது புகார் கொடுத்தவரையும் மாட்டுகிறவனையும் பார்த்து முடிவாகிறது. காவலாளிக்கு யாரைத் தெரியும்?

வாச்சாத்திக்காரர்களுக்கும் யாரையும் தெரியாது. 1992 ஜூனில் சந்தனமரம் தேடுகிறோம் என்று போன வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலைக்கிராமத்தைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்கள்? காக்கிச் சட்டை மேல் காக்கிச் சட்டையிடமா? 1995-இல் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்த பிறகே வழக்கு நகர்ந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் செத்துப்போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு புகார் போய்ச் சேர 31 வருஷம்.

பாலியல் குற்றப் புகாரை எழுத மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்று 2013-லிருந்து சட்டம் இருக்கிறது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 199-ஆம் பிரிவு. நல்ல சட்டம். ஆனால் எழுத மறுத்தவர் மேல் வழக்கு வேண்டுமென்றால் யாராவது அதை எழுத வேண்டுமே.

உங்கள் செல்போனுக்கு வருவோம். ஸ்டேஷனில் வாங்காவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லையென்றால் வக்கீலைப் பிடித்து, எஸ்.பி.க்கு அனுப்பிய அத்தாட்சியோடு பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து, மாஜிஸ்திரேட்டிடம் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 175(3)-இன் கீழ் மனுப் போடுங்கள். வாய்தா, நோட்டீஸ், போலீஸ் தரப்புப் பதில். வக்கீல் ஃபீஸ் செல்போன் விலையைத் தாண்டியிருக்கும் ஒரு நல்ல நாளில் உத்தரவு வரும், வழக்குப் பதிந்து விசாரிக்கவும் என்று.

உத்தரவு போவது அந்த ஸ்டேஷனுக்கேதான். ரைட்டர் அதை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்களை உட்காரச் சொல்லி, உண்மையாகவே மனம் நொந்து கேட்பார்:

"ஏன் சார் கோர்ட்டு வரைக்கும் போனீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"