வாலடைல் என்றால் ஏலக்காய் மணக்கும்

கேள்வி: அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் இருபது கடினமான ஆங்கிலச் சொற்களை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பாதிகூட மிஞ்சுவதில்லை. என்ன செய்ய?
– பட்டதாரி வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இருபதை இரண்டாக்குங்கள் தம்பி. மிச்ச நேரத்தில் அந்த இரண்டுக்கும் வாக்கியம் எழுதுங்கள். அதையும் உங்கள் ஊர் போடியை வைத்தே எழுதுங்கள். 'வாலடைல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பட்டியலில் அதற்கு எதிரே 'நிலையற்ற' என்று மொட்டையாக இருக்கும். அது மண்டையில் ஏறாது. ஏலக்காயை உரித்து உள்ளிருக்கும் ஏல அரிசியைத் திறந்து வைத்தால் மணம் போய்விடுகிறது அல்லவா? அந்த மணத்தைச் சுமக்கும் எண்ணெய்க்கு 'வாலடைல் ஆயில்' என்று பெயர், சட்டென ஆவியாகிவிடும். இனி விலைக்கு வாருங்கள். 2018 கேரள வெள்ளமும் அதன்பின் வந்த வறட்சியும் இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களை வாட்டி எடுக்க, 2019 ஆகஸ்டில் அங்குள்ள புற்றடி ஏல மையத்தில் காய் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே போனது. "கார்டமம் பிரைசஸ் ஆர் வாலடைல்." காய்க்குள் இருக்கும் எண்ணெய்க்கும் காயின் விலைக்கும் ஒரே சொல்! இந்த வாக்கியத்தை நீங்களே எழுதிவிட்டால் தேர்வறையில் மறக்கச் சொன்னாலும் மறக்காது.

கேள்வி: அகராதியிலேயே எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதே, நாம் வேறு எழுத வேண்டுமா?
– ஆசிரியை, தேவாரம்

பதில்: முதலில் அகராதி, பிறகு நீங்கள். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி, அர்த்தம் மட்டும் சொன்னால் அவர்களால் சொல்லைப் பயன்படுத்த முடியவில்லை என்று கண்டுதான் வாக்கியங்களோடு ஓர் அகராதி செய்தார். 1942இல் ஜப்பானில் வந்த அந்த நூலே 1948இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகி, இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் அகராதிக்கு மூதாதை ஆனது. 1987இல் பர்மிங்காமில் சின்க்ளேர் என்பவரின் அகராதிக் குழு ஒரு படி மேலே போய், மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய வாக்கியங்களிலிருந்தே எடுத்துக்காட்டு தந்தது. தமிழில் 1992இல் வந்த க்ரியா அகராதியைப் புரட்டிப் பாருங்கள், வாக்கியத்தின் அருமை தெரியும். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை அகராதி காட்டும். மாணவிக்கு அது சொந்தமாவது அவள் தன் ஊரை அதற்குள் கொண்டுவரும்போதுதான்.

கேள்வி: 'ப்ளம்மெட்' என்றால் கீழே இறங்குவது என்று படித்து, "ஜீப் போடிமெட்டிலிருந்து ப்ளம்மெட் ஆனது" என்று மகள் எழுதினாள். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?
– ஜீப் ஓட்டுநர், போடி

பதில்: அண்ணே, ஆசிரியர் உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்! மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவையும் விட்டுவிட்டு ஜீப் நேராகப் பள்ளத்தில் பாய்ந்தால்தான் 'ப்ளம்மெட்'. நீங்கள் செகண்ட் கியரில் பதமாக இறக்குவதற்கு 'டிஸெண்ட்'. விலையும் வெப்பநிலையும் 'ப்ளம்மெட்' ஆகலாம், ஜீப் வேண்டாம். மகளை அடுத்து 'ப்ரெசிபிடஸ்' எழுதச் சொல்லுங்கள். மலைச்சரிவு செங்குத்தாக இருந்தாலும், விலை மளமளவென்று சரிந்தாலும் அது பொருந்தும். இரண்டுமே அவள் வீட்டில் பேசுகிற விஷயம்.

கேள்வி: எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். குடோனில் காய் தரம் பிரிக்கிறேன். இந்த வயதில் எனக்கு ஆங்கிலம் வருமா?
– வாசகி, போடி

பதில்: வரும் அம்மா. கிரேடு, லாட், சாம்பிள், ஸ்டோர் என்று பாதி நாள் ஆங்கிலத்தில்தான் வேலை பார்க்கிறீர்கள். பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் 'போல்டு' என்றால் துணிச்சல் என்று மட்டும் சொல்லும். சல்லடையில் தங்கும் திரண்ட காய்க்கும் அதே பெயர் என்பது உங்கள் விரலுக்குத் தெரியும். காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடிப்போன காயைப் பச்சை வெளுத்திருப்பதைப் பார்த்தே ஒதுக்குகிறீர்கள். அதற்கு 'டிஸ்கலர்டு' என்பார்கள். இன்றைக்கு இந்த ஒரு சொல் போதும். "திஸ் பாட் இஸ் டிஸ்கலர்டு" என்று தட்டிலிருந்து ஒரு காயை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் நீங்களே ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, திருத்தித் தருகிறேன்.